கூரை, தண்ணீர், சோறு: வெயில் காலத்தில் நம் பள்ளிகள்

 

எம்.சி. ராஜாவை நினைத்து நாம் கூடியிருக்கிறோம். 1883இல் பரங்கிமலையில் பிறந்தவர். இங்கே சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவர் பிறந்த ஊரில் இறங்கிவிடலாம். சட்டமன்ற உறுப்பினர் ராஜாவை நமக்குத் தெரியும். பறையர், பஞ்சமர் என்று அரசு ஆவணங்கள் எழுதிவந்த இடத்தில் ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டுமென 1922இல் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். அதற்கெல்லாம் முன்னால் அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதியவர். அந்த வாத்தியாரின் பெயரால் நடக்கும் உரை என்பதால் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தேன். அதிலும் வெயில் காலத்துப் பள்ளிக்கூடம்.

2025 ஜூன் இறுதியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘தண்ணீர் மணி’ வந்தது. காலை 11 மணி, பகல் 1 மணி, 3 மணி என மூன்று முறை மணி அடிக்கும், பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். கேரளத்தில் 2019லேயே தொடங்கிய பழக்கம் இது. நல்ல திட்டம்தான், குறை சொல்ல வரவில்லை. செய்தியைப் படித்தபோது எனக்கு சாத்தாரா பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. வகுப்பில் தனியாகத் தன் சாக்குத் துணியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், பியூன் வந்து உயரத்திலிருந்து ஊற்றினால்தான் தண்ணீர் குடிக்க முடியும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் அண்ணல் அதை எழுதியிருக்கிறார். பள்ளியில் தாகம் என்பது நமக்குப் பருவநிலை மாற்றத்தோடு வந்த புதிய பிரச்சினை இல்லை. அதனால்தான் மணி அடித்த பிறகு என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. குழாயில் தண்ணீர் வருகிறதா? குடித்த பிறகு போக நல்ல கழிப்பறை இருக்கிறதா?

இந்த இரண்டாவது கேள்வியைப் பெண்களிடம் கேளுங்கள். நான் பள்ளியில் படித்த காலத்தில் காலையில் வீட்டில் ஒரு தம்ளர், சாயங்காலம் வீடு திரும்பியதும் ஒரு சொம்பு. நடுவில் எதுவும் கிடையாது, கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்ற பயம். பத்தாம் வகுப்பில் சிறுநீர்த் தொற்று வந்து நாள்கணக்கில் காய்ச்சலில் கிடந்தேன். ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். அது சூடுதான், ஆனால் வெயில் மட்டும் தந்த சூடு இல்லை. இன்றைக்கும் வியர்த்து வழிகிற வகுப்பறையில் தண்ணீரைத் தவிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளைப் பார்க்கிறேன். தண்ணீர் மணி பலன் தர வேண்டுமானால் கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும், தாழ்ப்பாள் இருக்க வேண்டும், அதைச் சுத்தம் செய்யச் சம்பளத்துக்கு ஆள் இருக்க வேண்டும்.

சம்பளத்துக்கு ஆள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2022இல் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கொண்டு கழிப்பறை கழுவவைத்த செய்தி வந்தது. தலைமையாசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? பிள்ளைகளில் ஒருவனுக்கு டெங்கு வந்தது. எப்படி வந்தது என்று வீட்டில் விசாரித்தபோது, கழிப்பறை கழுவும்போது கொசு கடித்தது என்று சொல்லியிருக்கிறான். மழையும் வெப்பமும் மாறமாற டெங்கு எந்தெந்த மாதங்களில் பரவும் என்று ஆய்வாளர்கள் வரைபடம் போடுகிறார்கள். கொசு எந்தப் பிள்ளையைக் கடிக்கும் என்பதை முடிவு செய்யும் வரைபடம் அதற்கு முன்பே வரையப்பட்டுவிட்டது. பருவநிலை சார்ந்த உடல்நல ஏற்றத்தாழ்வு என்று சமூகவியலில் நீளமாகச் சொல்வதன் பொருள் இவ்வளவுதான்.

இனி நம் பகுதிக்கு வருவோம். வானிலைச் செய்தியில் மீனம்பாக்கம் இத்தனை டிகிரி, நுங்கம்பாக்கம் இத்தனை டிகிரி என்று சொல்வார்கள். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. சென்னைக்காரர்களைக் கோடையில் காப்பாற்றுவது கடற்காற்று. பகலில் நிலம் சூடானதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். கரையோரத்துக்கு முதலில் வரும், மீனம்பாக்கத்துக்குத் தாமதமாக வரும். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி தாண்டி நமக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும், சில நாள் வந்து சேரவே சேராது. போதாததற்கு ஜி.எஸ்.டி. சாலையின் தார், மறைமலை நகர், ஒரகடம் தொழிற்சாலைகளின் கான்கிரீட், மனைப்பிரிவாகிப்போன ஏரிப் பாசன நிலங்கள். வானிலை நிலையம் நிழலில், காற்றோட்டமான பெட்டியில் வைத்து அளக்கும் எண்ணுக்கும் மதியம் 2 மணிக்கு ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக்குக் கீழே இருக்கும் வெப்பத்துக்கும் உள்ள இடைவெளி எந்தச் செய்தியிலும் வராது.

சீட்டுக்குக் கீழே இருப்பவர்கள் யார் என்று கேட்டால் கதை 1891க்குப் போகும். அப்போது செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்பதை விவரித்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலம். அது எங்கே போனது என்பதையும், அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டதையும் இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. இந்த உரைக்கு வேண்டிய அளவில் ஒன்றைச் சொல்கிறேன். வெயிலுக்கு மரம் நடுங்கள் என்கிறார்கள். மரம் நடக் கொல்லை வேண்டும். இரண்டு சென்ட் மனையில் தொகுப்பு வீட்டைக் கட்டி, பிள்ளைகள் பெரிதானதும் பக்கத்தில் சீட் இறக்கி, மிச்சமிருக்கும் இடத்தில் சைக்கிள் நிறுத்தினால் முருங்கைக்கன்றுக்குக்கூட இடமில்லை. தாழ்வான கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் இறக்கும். பகல் வெயிலைவிட இந்த இரவுப் புழுக்கம் கெடுதலானது, ஏனென்றால் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டிய நேரம் அது. தூங்காத பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கி விழுகிறது, ‘கவனமில்லை’ என்று பெயர் வாங்குகிறது.

பெற்றோரின் வேலையைச் சேர்த்துப் பாருங்கள். துப்புரவு, கட்டடம், செங்கல் சூளை, நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களிடம் ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. செங்கல் சூளை, உப்பளம், வயல் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் போன்ற ஆபத்துகள் ஏறத்தாழ இரு மடங்கு என்று அது சொன்னது. பள்ளிக்கு வருவதற்கு முன்பே, கருவிலேயே நம் பிள்ளை வெயிலைச் சந்தித்துவிடுகிறது.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். உலகமே மேற்கோள் காட்டிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டு நடந்தது, 1968 முதல் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நடந்தது. இந்த மண்ணின் உடம்புகள் மருத்துவத்துக்கு நிறையத் தரவு கொடுத்திருக்கின்றன. வெயிலில் யார் விழுகிறார்கள் என்ற தரவு மட்டும் இல்லை. வெயிலில் செத்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கும். அகமதாபாத்தில் 2010 மே மாத இறப்புகளை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டு எண்ணியபோதுதான் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. அதன் பிறகே, 2013இல், அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. எண்ணினால்தான் திட்டம்.

சரி, பள்ளிக்கூடம் இதில் என்ன செய்யும்? நம் சேரிக்கு அருகில் அரசுக்குச் சொந்தமாக இருக்கும் கட்டடங்களை எண்ணிப் பாருங்கள். அங்கன்வாடி, ரேஷன் கடை, பள்ளி. இவற்றில் பல அறைகளும் மைதானமும் சமையலறையும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே வளாகத்தில் இருப்பது பள்ளியில் மட்டும்தான். வெள்ளம் வந்தால் எல்லோரும் அங்கேதான் போகிறோம். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தபோது பள்ளிகள்தான் முகாம்களாயின. வெள்ளத்துக்குத் திறக்கும் பள்ளி வெயிலுக்கு மூடிவிடுகிறது. 2023இலும் 2024இலும் வெயில் கடுமை என்று பள்ளி திறப்பைத் தள்ளிவைத்தார்கள். தொலைக்காட்சியில் மாணவர்கள் மகிழ்ச்சி என்று சொன்னார்கள். எங்கள் பகுதியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் சொன்னது வேறு: “லீவு வுட்டா புள்ளைய எங்கக்கா வுட்டுட்டுப் போறது? சீட்டு வூட்டுல மத்தியானம் உக்கார முடியாது. ஸ்கூல்னா ஃபேன் இருக்கும், சோறு இருக்கும்.” வீட்டில் ஏ.சி. இருப்பவர்களின் பார்வையில் வகுத்த கொள்கை இது. பிள்ளை வெயிலில் பள்ளிக்கு வராமல் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு, நமக்குப் பட்டினி.

யுனிசெஃப் கணக்கில் 2024இல் மட்டும் 85 நாடுகளில் 24.2 கோடி மாணவர்களின் படிப்பு மோசமான வானிலையால் தடைபட்டது. மூடுவது உலகெங்கும் எளிய வழியாகிவிட்டது. மாற்று வழியில் போன ஊர்களும் உண்டு. பாரிஸில் 2018 முதல் பள்ளி முற்றங்களின் தாரைப் பெயர்த்து, மண்ணும் மரமும் நிழலும் கொண்டுவந்து, அந்த முற்றங்களை அக்கம்பக்கத்தாருக்கும் திறந்துவிடுகிறார்கள். பார்சிலோனா 11 பள்ளிகளை வெயில் ஒதுங்கிடங்களாக மாற்றியது. ஜப்பானில் 2018 ஜூலையில் டொயோட்டா நகரில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை வெப்பத்தால் இறந்த பிறகு, அரசுப் பள்ளி வகுப்பறைகளுக்குக் குளிர்சாதனம் வைக்க அரசே நிதி ஒதுக்கியது. இங்கே நாளைக்கே ஏ.சி. கேட்கச் சொல்லவில்லை. ஆனால் கேட்கக் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. அதிகாரிகள் அறையில் இருக்கும் பொருள்தானே?

கூரையிலிருந்து தொடங்கலாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்து மாண்ட பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றினார்கள். அகற்றித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் பல பள்ளிகளில் தகரமும் சீட்டும் வந்தன. தீயிலிருந்து காப்பாற்றிய கூரை வெயிலை இறக்குகிறது என்பதை இருபது ஆண்டுகளாக யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சை ‘கூல் ரூஃப்’ என்கிறார்கள். தெலங்கானா 2023இல் இதற்கென்றே கொள்கை வகுத்தது. தமிழ்நாடு அரசும் பசுமைப் பள்ளித் திட்டத்தில் சில பள்ளிகளுக்கு அடித்துவருகிறது. செலவு குறைவு. ஆனால் தூசி படிந்தால் பலன் குறையும், கழுவவும் மறுபடி பூசவும் வேண்டும். ஒரு முறை அடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனால் மூன்றாம் கோடையில் பழைய சூடு திரும்பிவிடும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் இந்தப் பட்டியலில் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்க வேண்டும் என்று 2024இல் நீதியரசர் சந்துரு குழு பரிந்துரைத்தது. நமக்குள் அதில் இரண்டு கருத்து உண்டு. எந்தத் துறையில் இருந்தாலும் கூரை ஒன்றுதான், அதைக் கேட்பதற்கு விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் நிலை.

கேட்க என்ன உரிமை என்றால், கல்வி உரிமைச் சட்டம், 2009. அதன் அட்டவணையில் பள்ளிக் கட்டடம் எல்லாப் பருவநிலைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, பாதுகாப்பான போதுமான குடிநீர், மதிய உணவு சமைக்கச் சமையலறை எல்லாம் அதே இடத்தில் வருகின்றன. எல்லாப் பருவநிலை என்றால் மழை ஒழுகாமல் இருப்பது என்றுதான் இதுவரை பொருள் கொண்டோம். ஏப்ரலும் பருவநிலைதான். மதியம் உட்கார முடியாத அறை சட்டப்படி வகுப்பறை ஆகுமா என்ற கேள்வியைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது சோறு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். அங்கிருந்து 1956, 1982, பிறகு 2022 செப்டம்பரில் காலை உணவு என்று ஒரு நூற்றாண்டுத் தொடர் இருக்கிறது. மே மாதத்தில் அந்தத் தொடர் அறுந்துவிடுகிறது. வெயில் உச்சத்தில் இருக்கும், கூலி வேலை குறையும், பிள்ளைக்குப் பள்ளிச் சோறும் இல்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆணையில் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது, வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வறட்சிக்குச் சோறு போடலாம் என்றால், பேரிடர் என்று அரசே அறிவித்த வெயிலுக்கு ஏன் போடக்கூடாது? செத்த பிறகு கொடுக்கும் 4 லட்சத்துக்கு முன்னால் உயிரோடு இருக்கும்போது ஒரு வேளைச் சோறு கேட்கிறோம்.

இதைச் சொல்லும்போது சமையலறையில் நிற்பவரை மறந்துவிடக்கூடாது. பள்ளி வளாகத்திலேயே சூடான அறை அதுதான். சீட் கூரை, அடுப்பு, நூறு பேருக்குக் கொதிக்கும் சாம்பார், பெரும்பாலும் மின்விசிறிகூட இல்லை. சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் முழுநேர ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகத் தெருவில் நிற்கிறார்கள். கோடையிலும் சமைக்கச் சொன்னால் கோடைக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், புகைபோக்கியும் காற்றோட்டமும் வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2018இல் அவினாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையத்தில் ஓர் அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று ஊரார் பள்ளியை மறித்தார்கள். 2023இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுக்கும் அதே கதை. பள்ளியைப் பேரிடர்க் காலப் புகலிடமாக மாற்றுங்கள் என்று கேட்கும்போது, அந்தப் புகலிடத்தின் அடுப்பில் யார் நிற்கலாம் என்ற சண்டையும் கூடவே வரும் என்று தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் தலித்துகள் தண்ணீருக்கும் இடத்துக்கும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. வெயில் புகலிடத்திலும் யார் மின்விசிறிக்குக் கீழே, யார் தாழ்வாரத்தில் என்ற கேள்வி எழும். பொறுப்பாளர் யார், புகார் யாரிடம் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டவைக்க வேண்டும்.

நகரத்திலிருந்து தூக்கியெறியப்பட்டவர்களையும் சொல்லியாக வேண்டும். 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகர் வீடுகளை இடித்துக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஒரு தலித் பெண் அமைச்சரின் பெயர் கொண்ட குடியிருப்பு அது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று ஆற்றங்கரையிலிருந்து எடுத்துச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் எட்டு மாடிகளில் அடுக்கினார்கள். அப்படி வந்த பிள்ளை பழைய பள்ளிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போக வேண்டும், அல்லது நிறுத்திவிட வேண்டும். பருவநிலைத் தகவமைப்பு என்ற பெயரில் நடக்கும் வெளியேற்றத்தில் முதலில் அறுபடுவது பள்ளி. பள்ளி அறுந்தால் தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, மதிய உணவு, ஆண்டுக்கொருமுறை வரும் மருத்துவக் குழு எல்லாம் சேர்ந்து அறுந்துவிடும்.

மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேலை. சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி இரண்டு வாங்குங்கள். ஒன்றை ஏதாவது ஒரு அரசுப் பள்ளியின் மேல்மாடி வகுப்பறையில், பிள்ளை உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில், சன்னலுக்கும் மின்விசிறிக்கும் நேராக இல்லாமல் மாட்டுங்கள். இன்னொன்று காலனியில் ஒரு சீட் வீட்டில். தண்ணீர் மணி அடிக்கும் 11, 1, 3 மணிக்கே பள்ளியில் பிள்ளைகள் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். வீட்டில் இரவு 10 மணிக்கும் ஒருமுறை. பக்கத்தில் அன்றைய மீனம்பாக்கம் எண். இன்னொரு பத்தியில் வருகைப் பதிவேட்டிலிருந்து அன்றைக்கு எத்தனை பேர் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் என்று ஆசிரியருக்குத்தான் முதலில் தெரியும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவதற்கு முன்பே. பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள், எண்ணிக்கை போதும். ஆசிரியர் தலையில் இன்னொரு பதிவேட்டைக் கட்டாதீர்கள், அவர்களிடம் ஏற்கெனவே ஏகப்பட்ட செயலிகள் இருக்கின்றன. நோட்டு உங்கள் பொறுப்பு.

வியர்ப்பது நின்று, உளறத் தொடங்கி, உடம்பு நெருப்பாகக் கொதிக்கும் பிள்ளையை ‘மயக்கம்’ என்று மேசையில் படுக்கவைக்கக்கூடாது. நிழலுக்குத் தூக்கி, துணியை நனைத்து உடம்பெல்லாம் போட்டு, விசிறி, உடனே 108ஐ அழைக்க வேண்டும். நினைவில்லாத பிள்ளை வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. இது ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் தலைமையாசிரியர் அலமாரியில் பூட்டி இருக்க வேண்டாம், வகுப்பில் இருக்கட்டும்.

நோட்டு நிரம்பியதும் எங்கே கொண்டுபோவது? பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம். பல ஊர்களில் நம் அம்மாக்கள் பெயர் பட்டியலில் இருக்கும், கூட்டம் நடந்ததே தெரியாது, கையெழுத்து வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். கூரைப் பூச்சு, கழிப்பறைத் தண்ணீர், சமையலறைக் காற்றோட்டம், மே மாதச் சோறு என்று அதில் எழுதவைக்கட்டும்.

அதற்குப் பிறகு கிராம சபை. மே 1 அன்று கூடும். பள்ளிக்கு விடுமுறை விட்டுச் சத்துணவு நின்றுபோகும் நாட்களில்தான் வருகிறது. வெப்பமானி நோட்டையும், 2004 ஏப்ரல் 20 ஆணையின் தமிழ்ச் சுருக்கத்தையும், பேரிடர் அறிவிப்பையும் எடுத்துக்கொண்டு பத்து அம்மாக்களோடு போங்கள். கோடை முழுவதும் பள்ளியைப் பகல் 11 முதல் 4 வரை திறந்துவைத்து உணவு வழங்கக் கோருகிறோம் என்ற ஒரு வரியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்துவராதீர்கள். நகல் ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கும் இன்னொன்றை ஆதிதிராவிடர் நலத் துறைக்கும் அனுப்புங்கள், பதிவுத் தபாலில். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.